பதினாறுக்குப் பதினாறு

கிதிர் முகம்மதுவுக்கு ‘இடமில்லை’ என்று சொல்ல வராது. ஃப்ளெக்ஸ் கடையில் இருபத்திரண்டு வருஷமாக டிசைனர் வேலை பார்க்கிறவனுக்கு அந்த ஒரு வார்த்தை வராவிட்டால் என்ன ஆகும் என்பதைத் தென்காசி முழுக்கக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பத்தடிக்கு எட்டடி கல்யாண ஃப்ளெக்ஸில் மாப்பிள்ளை ஓர் ஓரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்பார். மீதி இடமெல்லாம் வாழ்த்துகிறவர்களின் தலை. ஒன்றில் ஐம்பத்து மூன்று தலை நான் எண்ணியிருக்கிறேன். ஐம்பத்து நான்காவது ஆள் கடைசி நேரத்தில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவோடு வந்து, “எனக்கும் ஒரு எடம் பாருங்க அண்ணாச்சி” என்றால் கிதிர் முகம் சுளிக்க மாட்டான். “பாத்துக்கிடலாம்” என்பான். மாப்பிள்ளையின் தோளில் கொஞ்சம் வெட்டி அவருக்கு இடம் கொடுத்துவிடுவான்.

யார் தலை யார் தலையைவிட ஒரு விரற்கடை பெரிதாக இருக்க வேண்டும், பெரியப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பேச்சுவார்த்தை இல்லையென்றால் நடுவில் எந்த மாமாவை நிறுத்த வேண்டும், எல்லாம் அவனுக்கு அத்துப்படி. ஊரில் யாருக்கு யாரோடு ஆகாது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போக வேண்டாம், கிதிரிடம் கேட்டால் போதும். ஆனால் அவன் சொல்ல மாட்டான்.

முதலாளி குமரகுருவின் கடையில் பின்பக்கம் ஆறடிக்கு எட்டடியில் ஓர் அறை. அதில் கம்ப்யூட்டர், அதற்கு முன்னால் கிதிர். பக்கத்து அறையில் அச்சு இயந்திரம் ஓடும். மை நாற்றம் உள்ளே வரக்கூடாது, ஏசிக் குளிர் வெளியே போகக்கூடாது என்று கதவை எப்போதும் சாத்தியே வைத்திருப்பார்கள். ஜன்னல் கிடையாது. குற்றால சீசனில் ஊரெல்லாம் சாரல் விழும்போது அவனுக்கு அது வருகிறவர்களின் சட்டையைப் பார்த்தால்தான் தெரியும். “நல்ல சாரலோ?” என்று கேட்பான். ஐந்தருவி படம் போட்டு எத்தனையோ லாட்ஜ் விளம்பரம் செய்திருக்கிறான். அருவியில் கடைசியாக அவன் தலையைக் கொடுத்தது எந்த வருஷம் என்று அவனுக்கே நினைவில்லை. கடையிலிருந்து குற்றாலம் ஆறு கிலோமீட்டர்தான்.

நான் அவனோடு பத்தாவது வரை படித்தவன். மார்க்கெட்டில் வெங்காயக் கடை வைத்திருக்கிறேன். கூடவே தறித்தெரு ஜமாஅத் நிர்வாகக் குழுவில் மினிட்ஸ் எழுதுகிற வேலையும் எனக்கு. சொல்லப்போகிற விஷயத்தில் என் கையும் இருக்கிறது என்பதற்காகத்தான் இதை முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

எங்கள் ஜமாஅத்துக்கு இணையதளம் வேண்டும் என்று வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஊரில் யார் மவுத்தாகிப் போய்ச் சேர்ந்தார்கள், யாருக்குக் கல்யாணம், யாருக்கு எந்த வகை ரத்தம் என்றெல்லாம் அங்கிருந்தே பார்க்க வேண்டுமாம். சவுதியில் தம்மாமில் இருக்கும் ஆசிப் அதைச் செய்தும் முடித்துவிட்டான். ஒரே ஒரு வேலைதான் பாக்கி. கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்தால் மேலே அதன் பெயருக்கு முன்னால் பொட்டு மாதிரி ஒரு சின்னப் படம் வருமே, அந்த ஐகான். ஆசிப் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான்: “பதினாறுக்குப் பதினாறு கட்டம்தான் மாமா. மொத்தம் இருநூத்து அம்பத்தாறு புள்ளி. ஊர்ல யாராவது வரைஞ்சு அனுப்புங்க, நான் ஏத்திருதேன்.”

தலைவர் முகம்மது சலீம் ஹாஜியார் யோசிக்கவே இல்லை. “நம்ம கிதிர விட்டா யாரு இருக்கா? அம்பது தலையைப் போடுதவனுக்கு ஒரு பொட்டு போடுததா கஷ்டம்?” என்றார். கிதிரைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவன் என்ன சொல்லியிருப்பான் என்று எழுதத் தேவையில்லை.

குழுவில் பதினொரு பேர். ஆளுக்கொன்று கேட்டோம். பள்ளியின் மினாரா வேண்டும் என்றார் ஒருவர். தெரு பெயரே தறித்தெரு, தறி இல்லாமலா என்றார் இன்னொருவர். பிறை, விரித்த புத்தகம், கைகுலுக்கும் இரண்டு கை, குற்றால அருவி, ஒரு பேரீச்சை மரம். நான் கேட்டது ஜமாஅத் ஆரம்பித்த வருஷம், நாலு எண். மினிட்ஸ் எழுதுகிறவனுக்கு வருஷம்தானே முக்கியம். கிதிர் எல்லாவற்றையும் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொண்டு தலையாட்டினான்.

அந்த வாரம்தான் அவன் வீட்டில் நல்ல காரியம் கூடியது. அவன் மகள் ஆஷிகாவுக்கு வீரகேரளம்புதூரில் மாப்பிள்ளை. குவைத்தில் வேலை, ஒரு மாத லீவில் வந்திருந்தார். இரண்டு பேருக்கும் பிடித்துப்போய்விட்டது. ஆஷிகா கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்த பெண், லேசில் எதற்கும் சம்மதிக்க மாட்டாள். அவளே வாய்விட்டுச் சரி என்று சொன்னதில் கிதிரின் மனைவி ஆசியாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, குற்றாலத்தில் மண்டபம். அதற்கடுத்த புதன்கிழமை மாப்பிள்ளைக்குத் திரும்ப ஃப்ளைட். அந்த ஞாயிறு தவறினால் அடுத்த லீவுக்கு இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும்.

நிக்காஹ் மாப்பிள்ளை வீட்டு ஜமாஅத்தின் பதிவேட்டில் பதிவாகிறது. வெளியூர்ப் பதிவேட்டில் நம் பெண்ணின் பெயர் ஏற வேண்டுமென்றால் நம் ஜமாஅத் ஒரு கடிதம் தர வேண்டும். இன்னார் மகள் எங்கள் ஜமாஅத்தைச் சேர்ந்தவர், இந்த நிக்காஹ்வில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை, அவ்வளவுதான். நாலு வரி, ஒரு கையெழுத்து, ஒரு சீல். அது இல்லாமல் அங்கே பேனாவைத் திறக்க மாட்டார்கள்.

இங்கேதான் எங்கள் ஜமாஅத்தின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் மதரசா மாடியில் கூடுவோம். பிற்பகல் தொழுகைக்கு அஸர் பாங்கு சொன்னால் கூட்டம் கலைந்துவிடும். முதல் பொருள் முடியாமல் இரண்டாவது பொருளைத் தொடக்கூடாது. எதுவும் ஏகமனதாகத்தான் நிறைவேற வேண்டும், ஒருவர் கை தூக்கி ‘இல்லை’ என்றாலும் அடுத்த வெள்ளி. எப்போதோ ஊரில் இறந்தவர்களை அடக்குகிற மையவாடியின் சுவர் விஷயத்தைப் பாதியில் விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவியதில் இரண்டு குடும்பம் கைகலந்து, அன்றைக்கு எழுதிவைத்த சட்டம். நல்ல சட்டம்தான். எங்கள் தெருவில் அதன்பிறகு சண்டை கிடையாது, முடிவும் கிடையாது.

ஐகான் முதல் பொருள். கிதிரின் கடிதம் இரண்டாவது.

முதல் வெள்ளி, அவன் எல்லாவற்றையும் போட்டுக் கொண்டுவந்தான். ஃப்ளெக்ஸ் போடுகிற பழக்கத்தில் பத்தடி அளவுக்குப் பெரிதாக வரைந்து பிறகு சுருக்கியிருக்கிறான். மினாரா, தறி, பிறை, புத்தகம், கை, அருவி, மரம், என் வருஷம், ஒன்று விடாமல் இருந்தது. காலையிலேயே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தான். ஒவ்வொருவரும் போனில் விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கித் தங்களுடையது இருக்கிறதா என்று பார்த்துத் திருப்திப்பட்டிருந்தோம். ஆசிப் அதை இணையதளத்தில் ஏற்றியிருந்தான், பக்கத்தை மதரசா கம்ப்யூட்டரில் திறந்தோம். ஹாஜியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்துத் திரையைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“என்னலே, அழுக்கு போகமாட்டேங்கு?”

“அழுக்கில்ல ஹாஜியார், அதான் ஐகான்” என்றான் கிதிர்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவனுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். எதை எடுப்பது, எதை வைப்பது என்று பேச ஆரம்பித்து அஸர் வரை போனது. எடுக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள், பக்கத்தில் இருக்கிறவருடையதை.

கூட்டம் கலையும்போது கிதிர் தயங்கித் தயங்கிக் கேட்டான். “ஹாஜியார், அந்தக் கடிதம் மட்டும்…”

“தாரேன்லே. உன் மக எம் மக இல்லையா? முதல் பொருள முடிச்சுக் கொண்டா, கையோட வாங்கிட்டுப் போ. உனக்காக வளைச்சேன்னு வையி, நாளைக்கு ஒவ்வொருத்தனும் வளைக்கச் சொல்லுவான்.”

ஹாஜியார் கெட்டவர் இல்லை. கைலி வியாபாரம், நேர்மையானவர், யார் வீட்டு மவுத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பவர். சட்டத்தை வளைக்காத மனுஷன் என்று ஊரே அவரைப் புகழும். புகழ்ந்து புகழ்ந்து அவராலும் வளைக்க முடியாமல் போய்விட்டது.

இரண்டாவது வெள்ளி மினாராவும் பிறையும் மட்டும். வாட்டர் டேங்க் மாதிரி இருக்கிறது என்றார்கள். மினாரா சாய்ந்திருக்கிறது, சாய்ந்த மினாராவைப் போட்டால் ஜமாஅத்துக்கே ஆகாது என்றார் ஒருவர். துபாய்க் கிளையிலிருந்து ஒன்பது நிமிஷ வாய்ஸ் மெசேஜ் வந்தது. அதைக் கேட்டு முடிப்பதற்குள் பாங்கு சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது வெள்ளி ஒரே ஒரு நாடா. தறியில் ஊடுநூலைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுமே, அந்த நாடா. படகு மாதிரி இருக்கிறது, நம்ம ஊரில் கடல் எங்கே என்று ஒருவர் கேட்டார். மீன் என்றார் ஒருவர். ஆனாலும் அன்றைக்கு எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது. பத்துப் பேர் சம்மதம் என்று கை தூக்கினார்கள். ஒருவன் மட்டும், வருஷம் இல்லாமல் எப்படி ஒத்துக்கொள்வது, ஸ்தாபன வருஷம் இல்லாத சின்னம் ஒரு சின்னமா என்று கேட்டான். அந்த ஒருவன் நான்தான்.

கிதிர் என்னைத் திரும்பிப் பார்த்தான். கோபப் பார்வை இல்லை. ஐம்பத்து நான்காவது தலையைப் பார்க்கிற பார்வைதான். “பாத்துக்கிடலாம் மச்சான்” என்றான். வீட்டுக்குப் போகாமல் கடைக்குப் போய் மூட்டைகளை அடுக்கினேன். என் கடைக்கு வருகிறவனிடம் ஒரு மூட்டையில் இவ்வளவுதான் கொள்ளும், அதற்குமேல் திணித்தால் தையல் விடும் என்று நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

இன்னும் ஒரே வெள்ளிதான் மிச்சம். ஞாயிறு நிக்காஹ்.

புதன்கிழமை அவன் கடைக்குப் போனேன். என் சட்டை நனைந்திருப்பதைப் பார்த்து, “நல்ல சாரலோ?” என்றான். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. வீரகேரளம்புதூரிலிருந்து தினமும் போன். கடிதம் வந்துவிட்டதா, வந்துவிட்டதா என்று. வீட்டில் ஆசியா பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

“மூச்சு முட்டுது மச்சான்” என்றான். “இருபத்திரண்டு வருஷமா இந்த ரூம்ல இருக்கேன், ஒருநாளும் முட்டுனதில்ல. இந்தப் பதினாறு கட்டத்துக்குள்ள முட்டுது. கண்ண மூடுனாலும் கட்டந்தான் தெரியுது.”

“வருஷம் வேண்டாம்லே. நான் சும்மா சொல்லிட்டேன். வெள்ளிக்கிழம நான் ஒத்துக்கிடுதேன்.”

“நீங்க ஒத்துக்கிட்டா இன்னொருத்தர் வருவாக.” சிரிக்கப் பார்த்தான். “ஆஷிகா ஒண்ணு சொன்னா. பெருசா வரைஞ்சு சுருக்காதீங்க அத்தா, சின்னதுலயே வரைங்கன்னா. செஞ்சு பாத்தேன். இங்கன பாருங்க.”

திரையில் கட்டம் கட்டமாகப் பெரிதாக்கி வைத்திருந்தான். ஒவ்வொரு கட்டத்தையும் தனித்தனியாக நிறம் கொடுத்து நிரப்பியிருக்கிறான். பெரிதாகப் பார்க்கும்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிறகு அதன் உண்மையான அளவுக்குக் கொண்டுவந்தான். துவரம்பருப்பு அளவில் பச்சைத் தரை. அதில் குறுக்குச் சாய்வாக ஒரு வெள்ளை நாடா, அதன் வாலில் மஞ்சளாக ஒரே ஒரு இழை. படகு இல்லை, மீன் இல்லை, நாடா. எங்கள் வீட்டுத் தறியில் ஓடிய நாடா. எனக்கு அந்தச் சத்தமே கேட்டது போல இருந்தது.

“பாதிக் கட்டத்த சும்மா விட்டுட்டேன் மச்சான்” என்றான், தப்பு செய்தவன் மாதிரி. “அப்பந்தான் தெரியுது.”

அவன் செய்த எத்தனையோ ஆயிரம் ஃப்ளெக்ஸை நான் பார்த்திருக்கிறேன். அவன் செய்ததில் அழகு என்று எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். அவனிடமே சொன்னேன். காது வரை சிவந்துபோனான்.

அதை வியாழக்கிழமை ஆசிப்புக்கு அனுப்பினான். பழையதை எடுத்துவிட்டு இதை ஏற்றிவிடு என்று சொன்னான். சரி மாமா என்றான் ஆசிப்.

நாலாவது வெள்ளி. ஜும்ஆ முடிந்து, சாரலுக்கு ஒதுங்கி ஒவ்வொருவராக மாடிக்குப் போய்ச் சேரவே நேரமாகிவிட்டது. கிதிர் சுவர் ஓரமாக நின்றான். வெள்ளைச் சட்டை, பையில் ஒரு பென் டிரைவ், எதற்கும் இருக்கட்டும் என்று அந்தப் படத்தை அதிலும் வைத்திருந்தான். கூட்டம் தொடங்கும் முன்பு வெளியே நின்று ஆசிப்புக்கு நாலு தடவை போன் அடித்ததைப் பார்த்தேன். எடுக்கவில்லை. அங்கே அப்போதுதான் ஜும்ஆ நேரம், போனை அணைத்துவிட்டுப் பள்ளியில் இருந்திருக்கிறான்.

ஹாஜியார் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பக்கம் திறந்தது. கைக்குட்டையைத் தயாராகக் கையில் வைத்திருந்தார். குனிந்தார். நாங்களும் அவர் தோளுக்கு மேல் குனிந்தோம். நான் நாடாவைத் தேடினேன். அங்கே நாடா இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன உருண்டை, அதில் வளைவு வளைவாகக் கோடு.

“இது என்னது… உருண்டை…” ஹாஜியார் இன்னும் கிட்டே போனார். “ஏய், உலகம்லா இது! உலக உருண்டை!” நாற்காலியோடு திரும்பினார். முகமெல்லாம் சிரிப்பு. “மாஷா அல்லா! கிதிரு, எங்கலே வச்சிருந்த இத்தன நாளா இத? சவுதி, குவைத், துபாய், மலேசியா, நம்ம பிள்ளைக இல்லாத எடம் உண்டா? ஒரு உருண்டைல முடிச்சுட்டியே!”

உடனே எல்லோருக்கும் பிடித்துவிட்டது. உலகத்துக்குள்ளே குற்றாலமும் அடங்கிவிட்டது என்றார் அருவி கேட்டவர். மினாராவும் உள்ளேதானே இருக்கிறது என்றார் மினாராக்காரர். பேரீச்சை மரம் கேட்டவர் அரபு நாடு எந்தப் பக்கம் என்று திரையில் விரல் வைத்துக் காட்டினார். பக்கத்திலிருப்பவருக்கு எதுவும் கிடைக்காததில் ஒவ்வொருவருக்கும் நிம்மதி. கிதிர் படத்தை மாற்றிவிட்டான் போலிருக்கிறது என்று நானும் நினைத்தேன். போன வெள்ளி செய்த பாவத்துக்கு முதல் ஆளாகக் கை தூக்கினேன். பதினொரு கையும் உயர்ந்தன. இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

கிதிர் மட்டும் வாயைத் திறந்தான். “ஹாஜியார், அது வந்து…”

ஹாஜியார் அவன் பக்கம் திரும்பினார். “உன்னக் கேக்காம எழுதப்பிடாதுல்லா. வரைஞ்சவன் நீ. சொல்லு, உனக்குச் சம்மதந்தான?”

கிதிரின் கை சட்டைப்பைக்குப் போனது. பென் டிரைவைத் துணியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். மேஜைமேல் இரண்டாவது பொருளுக்கான தாள் இருந்தது. ஆஷிகாவின் பெயரை நான் ஏற்கெனவே அதில் எழுதி, தேதியை மட்டும் விட்டுவைத்திருந்தேன். அவன் அந்தத் தாளைப் பார்த்தான். மாடிக்குக் கீழே யாரோ ஹவுள் தொட்டியில் தொழுகைக்குக் கைகால் கழுவும் சத்தம் கேட்டது. அஸருக்கு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது.

“சம்மதம்” என்றான்.

கடிதத்துக்கு அரை நிமிஷம்தான் ஆனது. கையெழுத்து, சீல். சீலில் மை காய்வதற்கு ஹாஜியாரே ஊதினார். கிதிர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். அவன் கண் கலங்கியது. மகள் காரியம் முடிந்த சந்தோஷம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அதோடு விட்டார்களா? நிக்காஹ் மண்டபத்தில் வைத்து, வீரகேரளம்புதூர் ஜமாஅத் முன்னாலேயே, கிதிருக்குப் பொன்னாடை போர்த்துவது என்று அதே உற்சாகத்தில் ஏகமனதாக முடிவானது. மண்டப வாசலில் ஒரு ஃப்ளெக்ஸ். உலக உருண்டை பெரிதாக, அதற்குள் கிதிர், சுற்றிலும் நிர்வாகக் குழு. “உன் கடையிலயே அடிச்சிரு, நம்ம ஆளு கைப்பட இருக்கட்டும்” என்றார் ஹாஜியார். கிதிர் பாத்துக்கிடலாம் என்றான்.

சனிக்கிழமை மத்தியானம் என் போட்டோவைக் கொடுக்கக் கடைக்குப் போனேன். அறையில் அவன் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்தான். திரையில் பெரிய சாம்பல் உருண்டை. அதற்குள் அவனுடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. வங்கிக்கோ எதற்கோ எடுத்தது, பயந்த முகம். சுற்றிலும் பத்துத் தலை.

“மச்சான், என் தல எவ்வளவு பெருசு இருக்கணும்?” என்று கேட்டான்.

ஊர்த் தலையெல்லாம் அளந்தவன் கேட்கிற கேள்வியா இது? பேச்சை மாற்ற உருண்டை யோசனை எப்படி வந்தது என்று கேட்டுவைத்தேன். அவன் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான்.

“அது நான் வரைஞ்சதில்ல. யாருமே வரையல. ஒரு பக்கத்துக்கு ஐகானே இல்லன்னா கம்ப்யூட்டரே சும்மா அந்த உருண்டையக் காட்டும். இங்கன ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஆசிப் பழச எடுத்துட்டான், புதுச ஏத்துததுக்குள்ள நீங்க தொறந்துட்டீங்க.”

“அட பாவி, அப்பமே சொல்லிருக்கலாம்லா?”

“சொல்லிருக்கலாம். அப்பம் ரெண்டாவது பொருளு?”

பேசிக்கொண்டிருக்கும்போதே அவன் போன் அடித்தது. ஆசிப். கிதிர் ஸ்பீக்கரில் போட்டான். “மன்னிச்சிருங்க மாமா, நேத்து ஜும்ஆ, அப்பறம் ஃப்ரெண்டு வீட்டு விருந்து, அப்படியே தூங்கிட்டேன். நீங்க அனுப்புன நாடா சூப்பரா இருக்கு மாமா. இப்பம் ஏத்திரட்டா?”

கிதிர் என்னைப் பார்த்தான். மினிட்ஸ் நோட்டு என் கையில்தான் இருக்கிறது. உலக உருண்டைச் சின்னம் ஏகமனதாக ஏற்கப்பட்டது என்று மை வைத்து எழுதி, ஹாஜியார் கையெழுத்தும் ஆகிவிட்டது. அதை மாற்ற வேண்டுமென்றால் மறுபடியும் முதல் பொருள். அவனுக்காக நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். கையிலிருந்த போட்டோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

“வேண்டாம்ப்பா” என்றான் கிதிர். “குழுவுல முடிவாயிருச்சு. ஒண்ணும் ஏத்தாத. அப்படியே வெறுமன இருக்கட்டும்.”

“வெறுமனயா? ஏன் மாமா?”

“எல்லாருக்கும் அதான் பிடிச்சிருக்கு.”

போனை வைத்துவிட்டு என் போட்டோவை வாங்கிக்கொண்டான். ஹாஜியாருக்கு அடுத்து வலப்பக்கம் என்னை நிறுத்தினான். எனக்கு ஒரு விரற்கடை அதிகமாகவே கொடுத்தான். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஞாயிறு காலை குற்றாலத்தில் வெயிலும் சாரலுமாக இருந்தது. மண்டப வாசலில் ஃப்ளெக்ஸ் நின்றது. உருண்டைக்குள் கிதிர், அவனைச் சுற்றி நாங்கள் பதினொரு பேர். சீசனுக்கு வந்த வெளியூர்க்காரர்கள் ஈரத்தலையோடு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், யாரோ பெரிய ஆள் என்று நினைத்திருப்பார்கள். கிதிர் பொன்னாடை போர்த்திய தோளோடு வாசலில் நின்று வருகிறவர்களை வரவேற்றான். கழற்றினால் ஹாஜியார் கோபித்துக்கொள்வார்.

பெண் வந்த கார் வந்து நின்றது. ஆஷிகா இறங்கி ஃப்ளெக்ஸ் முன்னால் ஒரு நிமிஷம் நின்றாள். அவள் படித்த பெண். உருண்டையைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. அத்தாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அத்தா, இது ஒண்ணுமே இல்லாத எடத்துல வாறதுல்லா? உங்க நாடா எங்க?”

கிதிர் ஃப்ளெக்ஸின் கீழ் வலது மூலையைக் காட்டினான். கடைப் பெயரும் போன் நம்பரும் போடுகிற இடம். இந்த முறை அது எதுவும் இல்லை. வெள்ளையில் துவரம்பருப்பு அளவில் பச்சையாக ஒரு புள்ளி. பதினாறுக்குப் பதினாறு, ஒரு கட்டம்கூடப் பெரிதாக்கவில்லை. ஆஷிகா கல்யாணப் புடவையைக் கையில் கூட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்மை கலைந்திருந்தது. ஆசியா வந்து கையைப் பிடித்து அவளை உள்ளே கூட்டிப்போனாள்.

நிக்காஹ் நல்லபடியாக முடிந்தது. கடிதத்தைப் பதிவேட்டில் ஒட்டினார்கள். பெண்ணிடம் சம்மதம் கேட்டுவிட்டு வந்தவர்கள், அவள் தெளிவாகச் சொன்னாள் என்றார்கள்.

பந்திக்குப் போகும் வழியில் ஹாஜியார் ஃப்ளெக்ஸ் முன்னால் நின்றார். நானும் கிதிரும் பக்கத்தில் இருந்தோம். ஃப்ளெக்ஸில் சாரல் பட்டு நனைந்திருந்த தன் படத்தைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டார். உருண்டையைத் துடைத்தார். பிறகு கீழ் மூலையைப் பார்த்தார்.

“என்னலே இது, காக்கா கீக்கா எச்சம் போட்டுட்டா?” குனிந்து அந்தப் புள்ளியைத் தேய்த்தார். போகவில்லை. கைக்குட்டையின் காய்ந்த பக்கத்தைத் திருப்பிக்கொண்டு அழுத்தித் தேய்த்தார்.

கிதிர் அவர் மணிக்கட்டைப் பிடித்தான். யார் கையையும் அவன் அப்படிப் பிடித்து நான் பார்த்ததில்லை.

“விடுங்க ஹாஜியார்” என்றான். “அது போகாது. அது ஒண்ணுதான் நான் வரைஞ்சது.”

ஹாஜியார் அவனை நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கவில்லை. பந்திக்கு நேரமாகிறது என்று உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். அவர் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போனார்.